குலவை போட்ட பாட்டில்

மழை பெய்யாத வருஷங்களிலும் கல்யாணம் மட்டும் குறையாமல் நடந்த செம்பனேந்தல் என்ற ஊரில், தாலி ஏறினாலும் குலவை, பிள்ளை பிறந்தாலும் குலவை, முளைப்பாரி கிளம்பினாலும் குலவை, புது டிராக்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கினாலும் குலவை என்று எல்லா நல்லதுக்கும் வாய் திறந்த முத்திருளாயி, நாற்பது வயசு தாண்டித் தன் கல்யாணத்துக்கு நாள் குறித்த நேரம் பார்த்து, வலது பக்க நுரையீரல் சுருங்கிப் போய்ப் பெரியாஸ்பத்திரியில் படுத்தாள்.

அவள் குலவையைக் கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நாக்கைச் சுழற்றி எழுப்புகிற சத்தம்தானே என்று வெளியூர்க்காரர்கள் அலட்சியமாகக் கேட்பார்கள், அதைக் காதால் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பந்தலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, கண்மாய்க்கரையில் மாடு மேய்ப்பவனைக்கூட யாருக்கோ நல்லது நடந்துவிட்டது என்று ஒரு கணம் நின்று சிரிக்க வைக்கும். யார் கூப்பிட்டாலும் போவாள், எந்தத் தெரு என்று பார்க்க மாட்டாள், காய்ச்சலோடும் போவாள், முந்தின நாள் சண்டை போட்டவர்கள் வீட்டுக்கும் போவாள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. எல்லார் கல்யாணத்திலும் முன் வரிசையில் நின்றதாலேயே அவளுக்கும் ஒரு கல்யாணம் ஆக வேண்டும் என்பது ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அது எங்கள் புத்தியின் லட்சணம்.

தோன்றியது தவசிலிங்கத்துக்கு மட்டும்தான். 'தவசி சவுண்ட் சர்வீஸ்' என்று வேனில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகக் குழாய் ரேடியோ கட்டும் தவசி, ஊரையே அலற வைக்கும் தொழிலில் இருந்துகொண்டு வாயே திறக்காத மனுஷன். மைக்கில் 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' என்பதற்கு மேல் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. முத்திருளாயி குலவை போடும்போது மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்பதால், கையை நீட்டி ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்காக அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர் அவர். ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கையில், வயரைச் சுருட்டியபடி அவளிடம் ரொம்ப மெதுவாக, "நம்மளும் பண்ணிக்கிருவமா?" என்று கேட்டார். சட்டைப்பையில் சொருகியிருந்த மைக் அணைக்கப்படவில்லை. பந்தல் முழுக்க, தெரு முழுக்க, தென்னந்தோப்பில் கட்டியிருந்த நாலு குழாயிலும் அது கேட்டது. பாயசம் ஊற்றியவன் கரண்டியை நிறுத்திக்கொண்டான். அவள் சரி என்றாள். இல்லை என்று சொல்லத் தெரியாதவள் வேறு என்ன சொல்லுவாள் என்று நாங்கள் கேலி பேசினோம். ஆனால் அது அந்தச் சரி இல்லை, பல வருஷமாகச் சொல்லக் காத்திருந்த சரி என்பது அவளுக்குத் தெரியும்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். ஆடிக் கடைசியில் ஒரு காதுகுத்து வீட்டில், கரெண்டு போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ண, மைக் இல்லாத குறையைத் தானே ஈடுகட்டிவிடலாம் என்று முத்திருளாயி இழுத்துக் குலவை போட்டாள். கடைசிப் பந்தி வரைக்கும் கேட்டது. பாதியில் விலாவுக்குள்ளே புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு வலி. குலவையை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தவசி ஸ்பீக்கர் பெட்டிகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அவளை வேனில் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

ஊர்க்கோடிப் பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஜெசிந்தா நாகர்கோவில்காரர், சின்ன வயசு, கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வருகிற முகம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையீரலில் ஓட்டை விழுந்து உள்ளே இருக்க வேண்டிய காற்று வெளியே வந்து நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த நுரையீரலையே அமுக்கிப் பிடித்திருக்கிறது என்று தவசிக்கு விளக்கினார். விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்த ஒரு பாட்டில் தண்ணீரில் முக்கினார். ஏற்பாடு அவ்வளவுதான். மூச்சு விடும்போது அடைபட்ட காற்று குழாய் வழியே இறங்கித் தண்ணீரில் குமிழாக வெளியேறும், திரும்ப உள்ளே வரத் தண்ணீர் விடாது. குமிழ் அறவே நின்றால் ஓட்டை ஆறிவிட்டது என்று அர்த்தம், குழாயை எடுத்துவிடலாம், பாட்டில் மட்டும் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்றார்.

முத்திருளாயி மூச்சை விட்டாள். பாட்டிலுக்குள் முதல் குமிழ் எழுந்து, மேலே வந்து, உடைந்து, குலவை போட்டது.

அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த மரகதம் சிஸ்டர் திரும்பிப் பார்க்காமலே, மாடியில் யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேட்டார். இரண்டாவது குமிழும் குலவை போட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். டாக்டர் முழங்காலிட்டுப் பாட்டிலருகே காதை வைத்து, கொஞ்ச நேரம் கேட்டு, காற்று நன்றாக வெளியேறுகிறது, சந்தோஷம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அது அவளுடைய குலவைதான், அதில் சந்தேகமில்லை. இத்தனை வருஷம் போட்டதில் மிச்சம் மீதி விலாவுக்குள் தங்கியிருந்து இப்போது வழி கிடைத்து வருகிறது என்று ஒரு கூட்டம் சொன்னது. அதெல்லாம் இல்லை, இனிமேல் போட வேண்டியவை முன்கூட்டியே கிளம்பிவிட்டன என்று இன்னொரு கூட்டம் சொன்னது. டீ ஆறுவதற்குள் அந்த விவாதம் முடிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்பதைவிட, வருகிறதை என்ன செய்யலாம் என்பதில்தான் செம்பனேந்தல்காரர்களுக்கு எப்போதும் அக்கறை.

முதலில் மாடியில் பிரசவமானவர்கள் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து பாட்டிலுக்கு முன்னால் நின்றார்கள். பிறகு மாலையும் கழுத்துமாகப் புது ஜோடிகள் வந்தார்கள், பூப்பெய்திய பெண்ணைக் கூட்டிக்கொண்டு தாய்மாமன்கள் வந்தார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து பேர் வைத்த குழந்தையோடு பெண்கள் வந்தார்கள், தேர்வில் தேறியவன் வந்தான், மூன்றாம் தடவையாக எழுதப் போகிறவனும் வந்தான். வாசலில் இருந்த வாட்ச்மேன் கயிறு கட்டி வரிசையாக விட்டார். பூக்காரிகள் பஸ் ஸ்டாண்டை விட்டு ஆஸ்பத்திரி மதிலோரம் வந்து உட்கார்ந்தார்கள். வார்டில் மாசக்கணக்காகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு அம்மாள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, எழுந்து உட்கார்ந்து, கடைசியில் வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கிற வலியைக் குலவை வரும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாமா என்று நோயாளிகள் மரகதம் சிஸ்டரிடம் கேட்டார்கள், அவரும் அப்படியே செய்தார்.

ஒரே ஒரு சிக்கல். சும்மா மூச்சு விட்டால் வருவது சின்னக் குலவை, வார்டுக்குள்ளேயே முடிந்துவிடும். இருமினால் வருவதுதான் பெரிய குலவை, கொத்துக் கொத்தாகக் குமிழ் கிளம்பி மூணு தெருவுக்குக் கேட்கும். வந்தவர்கள் எல்லாருக்கும் பெரியதுதான் வேண்டியிருந்தது. அக்கா, ஒரே ஒரு இருமல் என்று பிள்ளையை நீட்டினார்கள். முத்திருளாயி விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு இருமினாள். அடுத்தவர் கேட்டார், அவருக்கும் இருமினாள். ஆறப்போகிற ஓட்டை ஒவ்வொரு இருமலுக்கும் திரும்பத் திறந்துகொண்டது.

டாக்டர் வந்து வரிசையை ஒரு பார்வை பார்த்தார், எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்தார். நுரையீரல் விரிய மாட்டேன் என்கிறது, இப்படியே போனால் முகூர்த்தத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை மதுரைக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்து ஓட்டையைத் தைக்க வேண்டியிருக்கும், அது பெரிய ஆபரேஷன் என்றார். அதற்குப் பிறகு குலவை போடலாமா என்று முத்திருளாயி கேட்டாள். "மூச்சு விடலாம்னு நான் சொல்லுவேன். குலவைக்கு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அன்றைக்கு அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை.

தவசி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேட்டி நுனியைத் திருகியபடி, "இருமாத" என்றார்.

"பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாகளே, எப்படிங்க இல்லைங்கிறது?"

"எனக்குப் பயமா இருக்கு, முத்து."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. நெஞ்சைத் திறப்பார்கள் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அவர் போன பின் ஒரு சின்னப் பெண் தம்பிப்பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றதும், பாழாய்ப்போன வாய், மறுபடியும் இருமிவிட்டது.

இந்த நிலைமையில்தான் கருப்பட்டி வியாபாரம் செய்யும் பூமயில் வந்து சேர்ந்தாள். பூமயில் நல்லவள், ஆனால் பக்தி கொஞ்சம் தாறுமாறானது. வரிசையில் அவள் முறை வந்து குனிந்தபோதுதான், குலவை போடுகிற பாட்டில் தரையில், செருப்புகளுக்கும் எச்சில் கிண்ணத்துக்கும் நடுவில், போகிற வருகிறவர்கள் கால் படுகிற இடத்தில் இருப்பதைப் பார்த்தாள். தெய்வக்குரல் கேட்கிற இடம் கால்மாடா? சொம்பில் தண்ணீர் எடுத்து அம்மனாக நிறுத்தினால்கூட மணையைப் போட்டுத்தானே வைப்போம்? ஒருத்தரையும் கேட்காமல், பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, கட்டிலுக்கு மேலே சாமி படம் இருந்த சுவர்ப்பலகையில் வைத்து, ஒரு முழம் மல்லிகையையும் சுற்றினாள்.

பாட்டில் தண்ணீர் குழாய் வழியாக விறுவிறுவென்று திரும்பி நெஞ்சுக்குள் ஓடியது. முத்திருளாயிக்கு உள்ளே சில்லென்றது, பிறகு மூச்சு நின்றது, உதடு நீலம் பாரித்தது. மரகதம் சிஸ்டர் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து, பூவோடு பாட்டிலைப் பறித்துத் தரையில் வைத்து, அவளைச் சாய்த்துப் பிடித்து, உள்ளே போன தண்ணீர் எல்லாம் வடிகிற வரைக்கும் பூமயிலைத் திட்டிய திட்டு எழுதக் கூடியதல்ல. பூமயில் கன்னம் கன்னமாகப் போட்டுக்கொண்டு அழுதாள். இருந்தாலும் அழுகையின் நடுவிலும் அவள் தன் கட்சியை விடவில்லை. உயிருக்கு ஆபத்து என்பது தெரியாமல் செய்துவிட்டேன், ஆனால் தரையில் வைப்பதும் தப்புதானே என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. பாட்டில் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பாட்டில் தரையில் இருக்கவும் கூடாது. ஊரே தலையைச் சொறிந்தது. கடைசியில் தேரோட்டத்துக்குக் கட்டை போடுகிறவர்கள்தான் வழி சொன்னார்கள். பாட்டிலை உயர்த்த முடியாதென்றால் ஆளை உயர்த்துவோம்.

தேர்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, ஆடாமல் அசையாமல், கட்டிலின் நாலு காலுக்கும் கீழே அடுக்கினார்கள். கீழே ஒரு முக்காலி போட்டுச் சிவப்புத் துணி விரித்துப் பாட்டிலை வைத்தார்கள். முக்காலி முழங்கால் உயரம்தானே என்று ஒருவருக்குக் குறை தோன்றியது. பாட்டில் இடுப்பு உயரத்துக்குப் போயிற்று, கட்டில் இன்னும் மேலே போயிற்று. குழந்தைகள் கை எட்டுகிறதே என்று இன்னொருவர் சொன்னார். பாட்டில் மார்பு உயரத்துக்குப் போயிற்று, கட்டில் ஜன்னலுக்கு மேலே போயிற்று, மின்விசிறியைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்தார்கள். டாக்டர் ஜெசிந்தா காலையில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, நெஞ்சுக்குக் கீழே என்றுதான் படித்திருக்கிறேன், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை என்று சொல்லி, வெள்ளையடிக்கிற ஏணியில் ஏறி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒருவரும் எதிர்பார்க்காதது. வரிசை வந்தது, பிள்ளைகள் வந்தன, ஆனால் இருமச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் அக்கா ஒரு இருமல் என்று கேட்கலாம். அவ்வளவு உயரத்தில் இருக்கிறவளிடம் எதைக் கேட்பது? கை தானாகக் கூப்பிக்கொண்டது. கும்பிட்டுவிட்டு, வந்த சின்னக் குலவையைக் கேட்டுவிட்டு, பேசாமல் போனார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக முத்திருளாயியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தூங்கினாள். விழித்துக் கஞ்சி குடித்தாள், மறுபடி தூங்கினாள். தவசி மத்தியானந்தோறும் வந்து, மைக் ஸ்டாண்டை முழுசாக நீட்டி, உச்சியில் தூக்குவாளியை மாட்டி மேலே அனுப்பினார். மேலேயிருந்து அவள் இன்றைக்குச் சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்பாள், கீழேயிருந்து அவர் தலையாட்டுவார். அந்தக் கொஞ்ச நாட்களில் அவர்கள் பேசிய பேச்சு, அதுவரை பேசியதைவிட அதிகம்.

குமிழ் குறைந்தது. குலவையும் சுருங்கியது, முதலில் பாதி, பிறகு ஒரு விக்கல் அளவுக்கு. ஊருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எத்தனை முகூர்த்தம் இருக்கிறது! பெரிய மனிதர்கள் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், குழாயைத் தை மாசம் வரைக்கும் வைத்திருக்க முடியுமா என்று பக்குவமாகக் கேட்டார்கள். டாக்டருக்கு வந்த கோபத்தில் நாகர்கோவில் தமிழ் முழுசாக வெளியே வந்துவிட்டது. ஆனால் அவர்களைத் தலைகுனிய வைத்தது அதுவல்ல, கதவோரம் தூக்குவாளியோடு நின்ற தவசி. "ஒங்களுக்குப் பாட்டில் வேணும். எனக்கு அவ வேணும்" என்றார். மைக் இல்லாமல் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

இருந்தும் சனிக்கிழமை சாயங்காலம் வரை எப்போதாவது ஒரு குமிழ் வந்துகொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமைக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றார்கள். தவசி மாட்டேன் என்றார். நெஞ்சைத் திறக்கப் போகிறவள் என் பெண்டாட்டியாகப் போகட்டும், கையெழுத்துப் போடவும் கூடப் போகவும் ஆள் வேண்டாமா என்றார். டாக்டர் சம்மதித்தார். சத்தம் போடக் கூடாது, புகை போடக் கூடாது, மற்றபடி என்னவும் செய்யுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வார்டில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். நோயாளிகள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அவரவர் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பாட்டிலைச் சுற்றிப் புதுச் சிவப்புத் துணி விரித்தாள் பூமயில், தொட்டுத் தூக்காமல், ரொம்ப ஜாக்கிரதையாக. முத்திருளாயி மேலே, அரக்குப் பட்டில், குழாய் மடங்காமல் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவசி பட்டுவேட்டியோடு ஏணியில் ஏறினார். தாலியை எடுத்துக் கொடுத்த மரகதம் சிஸ்டர் ஏணியையும் பிடித்துக்கொண்டு, மூணு முடிச்சும் விழுகிறதா என்று எண்ணினார். விழுந்தது.

எல்லாரும் பாட்டிலைப் பார்த்தார்கள்.

பாட்டில் சும்மா இருந்தது. தண்ணீர் அவள் மூச்சுக்கு ஏற்பக் குழாய்க்குள் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். ஊர்ப் பெண்களில் ஒருத்திகூட வாயைத் தயார் செய்து வரவில்லை, இத்தனை நாளாக எல்லாவற்றையும் பாட்டிலே பார்த்துக்கொண்டதில் அந்த நினைப்பே விட்டுப்போயிருந்தது. தாலி ஏறி, குலவை இல்லாமல் ஒரு வார்டு முழுக்க மௌனமாக நிற்பதைப் பார்த்துக் கீழே நின்ற கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

டாக்டர் ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பாட்டிலுக்கு முன்னால் குனிந்தார். "அம்மா, இப்ப நான் கேக்கிறேன். நல்லா ஒரு தடவ இருமுங்க."

முத்திருளாயி தவசியின் கையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பலமாகத்தான் இருமினாள். தண்ணீர் குதித்தது, குமிழ் வரவில்லை. இன்னொரு தடவை என்றார் டாக்டர். வரவில்லை. டாக்டர் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபத்தையும் காணோம் ஒன்றையும் காணோம், முழுக்கச் சிரிப்பு. ஓட்டை மூடிக்கொண்டது, நாளைக்கு மதுரை வேண்டாம், எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுக் குழாயை உருவிவிடலாம் என்றார். தவசி ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்து, புது வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார்.

எங்களுக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷம்தான், பெரிய சந்தோஷம். ஆனால் பாட்டில் வெறும் பாட்டிலாகிவிட்டது. பூமயில்தான் அண்ணாந்து, எல்லாருக்குமாகக் கேட்டாள்.

"அப்ப குலவை? யக்கா, நீங்களே மெதுவா ஒண்ணு..."

முத்திருளாயி வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், நாக்குக்கூட மேலே போய்விட்டது. பிறகு மூடிக்கொண்டாள். கீழே திரளாக நின்ற அத்தனை முகத்தையும், அதில் அவள் குலவையில் பிறந்தவர்களையும் வளர்ந்தவர்களையும் மாலை மாற்றியவர்களையும், ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள். "இன்னைக்கு நான் கல்யாணப் பொண்ணு. நீங்க போடுங்க."

பூமயில் முந்தானையால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு ஆரம்பித்தாள், காற்றுதான் வந்தது. குங்குமம் கொடுக்கிற அம்மாள் சேர்ந்துகொண்டாள், மரகதம் சிஸ்டர் சேர்ந்துகொண்டார், கட்டில்களில் கட்டுப் போட்டவர்களும் குளுக்கோஸ் ஏறுகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள், மாடியில் பிள்ளைத்தாய்ச்சிகள் சேர்ந்துகொண்டார்கள், டாக்டர் ஜெசிந்தா நாக்கை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் வெறுமனே 'ஊ' என்று கத்தினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், உயர்ந்தும் தாழ்ந்தும், பாதியில் மூச்சு வாங்கியும் இருமியும், அப்படி ஒரு மட்டமான குலவை செம்பனேந்தலில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கண்மாய்க்கரை வரைக்கும் அது போயிற்று. முத்திருளாயி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, ஒருத்திக்கும் சுதி சேரவில்லை என்று புருஷனிடம் சொல்லி, விலா வலிக்க வலிக்கச் சிரித்தாள்.